தலையாட்டிய மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்காமல், தன் மூக்குக்கண்ணாடியோடு பேசிக்கொண்டிருந்தான்.

“போட்டோ எடு,” என்றான், ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்து. கண்ணாடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் மின்னி அணைந்தது. “மெசேஜ் படி,” என்றான். அது காதுக்குள் என்ன படித்ததோ, தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

காபித் தட்டோடு வந்த அபிக்கு எரிச்சலாக இருந்தது. சரியான அலட்டல் பேர்வழி!

“போன மாசம்தான் வாங்கினான். போனை கையிலயே எடுக்கறதில்ல, எல்லாம் அந்தக் கண்ணாடிதான்,” என்று மாப்பிள்ளையின் அம்மா கௌரியம்மாள் பெருமையாகச் சொன்னாள். “எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாதும்மா.”

மாப்பிள்ளை பெயர் தணிகைமணி. மணவூர்க்காரன். சென்னையில் கம்பெனி வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறான். ஜாதகம் பொருந்தியாயிற்று. காலையில் மலையேறி முருகனையும் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

அபி சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. முன்னால் வந்த வரன்கள் எல்லாம் அதைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர்கள்.

“கல்யாணத்துக்கு அப்புறமும் எங்க நைனா எங்கூடதான் இருப்பாருங்க,” என்றாள், பக்கத்தில் இருந்த அப்பாவைக் காட்டி.

கிருஷ்ணன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் தறி ஓட்டி, அந்தச் சத்தத்திலேயே காது போய்விட்ட மனிதர். மனைவியும் போனபிறகு அபி ஒருத்திதான் துணை. காது கேட்காவிட்டாலும் மகள் தன்னைக் காட்டிப் பேசினால் என்ன விஷயம் என்று அவருக்குத் தெரியும். கவலையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

கௌரியம்மாள் முகம் சுருங்கியது.

“பொண்ணு கூட பொண்ணோட அப்பாவுமா? ஊர்ல என்னம்மா பேசுவாங்க? அதெல்லாம் எப்படி...”

அவள் முடிக்கவில்லை. தணிகைமணி நிமிர்ந்து உட்கார்ந்து, மேலும் கீழுமாக நன்றாகத் தலையாட்டினான்.

கிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

எழுந்து வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நல்லா இருக்கணும் நைனா! நல்லா இருக்கணும்!” என்று வீடே அதிரச் சொன்னார். கண்கள் நிறைந்துவிட்டன.

“டேய், எதுக்குடா தலையாட்டினே?” என்று சீறினாள் கௌரியம்மாள்.

“அய்யோ, இல்லம்மா! ஆபீஸ்ல இருந்து கால் வந்துச்சு. தலையாட்டினா இந்தக் கண்ணாடி தானா போனை எடுத்துக்கும். அதுக்குத்தான் ஆட்டினேன்.”

அபிக்குச் சுருக்கென்றது.

கௌரியம்மாள் கிருஷ்ணன் பக்கம் திரும்பி, கையைக் காதில் வைத்துக் காட்டிக் கத்தினாள். “அவன் உங்களுக்கு ஆட்டலைங்க! போனுக்கு ஆட்டினான்! போனு!”

“ஆங், ஆங்! மத்ததெல்லாம் போன்லயே பேசிக்கலாம் சம்பந்திம்மா!” என்றார் கிருஷ்ணன். “தேதி மட்டும் பாத்துச் சொல்லுங்க!”

தணிகைமணியின் தாய்மாமன் மணவாளனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“விடுக்கா. ஒரு பெரிய மனுஷன் கையைப் பிடிச்சிட்டாரு. இப்போ போயி கண்ணாடிக்கு ஆட்டினான், போனுக்கு ஆட்டினான்னா நல்லாவா இருக்கும்? நம்ம வீட்ல மாடி ரூம் சும்மாதானே கிடக்கு?”

கௌரியம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கிருஷ்ணன் தன் தட்டில் இருந்த கேசரியை அவள் தட்டில் வைத்து, “சாப்புடுங்கம்மா, எம்பொண்ணு பண்ணது,” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அவள் கேசரித் தட்டைக் கையில் எடுத்தாள்.

“எல்லாம் அந்தப் பாழாப்போன கண்ணாடியால வந்தது,” என்று முணுமுணுத்தாள். ஒரு வாய் கேசரியை விழுங்கிவிட்டு, “மாடி ரூமுக்கு வெள்ளையடிக்கணும்,” என்றாள்.

பெண்ணும் பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். போனதுமே அபி வெடித்தாள்.

“எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாங்க. தெரியாம ஆட்டின தலைக்காக எங்க நைனா உங்க வீட்ல வந்து உக்கார வேணாம். அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன்.”

தணிகைமணி தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினான்.

“ஒரு தரம் போட்டுப் பாருங்க. உங்க போனைக் கொஞ்சம் குடுங்க.”

வேண்டாவெறுப்பாகப் போட்டுக்கொண்டாள். அவளுடைய போனிலிருந்து அவன் தன் நம்பருக்கு அடித்தான். அபியின் காதுக்குள் மணி அடித்தது.

“எடுங்க.”

தலையாட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் பலமாக ஆட்டினாள். கழுத்து வலிக்க ஆட்டினாள். நிற்கவே இல்லை.

“என்னங்க இது? எடுக்க மாட்டேங்குது?”

“காதோரம் விரலால ஒரு தட்டு தட்டுங்க.”

தட்டினாள். மணி நின்றது. தணிகைமணி மலைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, அவள் போனில் மெதுவாகப் பேசினான். குரல் அவள் காதுக்குள் கேட்டது.

“அதுக்குத் தலையாட்டல் எல்லாம் தெரியாதுங்க. ஆட்டினது நான்தான், உங்க நைனாவுக்குத்தான். எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!”