கடைசி முட்டு

தண்டையார்பேட்டைச் சந்தில் உச்சி வெயில் கொளுத்துகிறது. ரஹீமுன்னிசா வாசலில் நின்று தன் வீட்டின் புதுக் கூரையை அண்ணாந்து பார்க்கிறாள். கம்பிகளுக்கு நடுவே சுட்ட மண்சட்டிகளைக் கவிழ்த்து, அதனால் சிமெண்டைப் பாதியாகக் குறைத்துப் போட்ட கூரை. தகரத்தின் கீழ் பதினெட்டு வருஷம் வெந்தவளுக்கு இதைவிட்டால் வேறு கூரை கட்ட வழியில்லை. சட்டி பாரம் தாங்காது என்று தெருவே சொல்லிவிட்டது. கூரைக்கு அடியில் தாங்கலாய் வைத்த பலகைகளெல்லாம் இறங்கிவிட்டன, நடுவில் முட்டுக்கொடுத்த ஒரு சவுக்குக் கட்டைதான் பாக்கி. “நீ வெளியவே நில்லுக்கா,” என்கிறாள் கொத்தனார் எழில்மொழி. சுத்தியல் இரண்டு முறை விழுகிறது. கட்டை சாய்கிறது. கொஞ்சம் மணல் உதிர்கிறது. கூரை அப்படியே நிற்கிறது. வரிசை வரிசையாய்ச் சிவந்த வட்டங்கள், வாசல் வெளிச்சத்தில் மினுங்குகின்றன. எழில்மொழி அதற்கு நேர் கீழேயே நிற்கிறாள். “வுழுந்திருந்தா இன்னாடி பண்ணியிருப்ப?” “கட்னவ நானு. மொதல்ல என் மேல வுழட்டும்னுதான் நின்னேன்.” ரஹீமுன்னிசா உள்ளே போய் எழில்மொழியின் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொள்கிறாள். “அய்ய, வுடுக்கா, கையெல்லாம் சிமெண்ட்டு.” அவள் விடவில்லை.