இருபத்தொரு இடங்களிலும்

திரையில் பச்சை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகனின் தண்ணீர் பாட்டிலிலிருந்து அவளே துடைத்தெடுத்த எச்சிலின் முடிவு இன்னும் ஒரு நிமிடத்தில் வந்துவிடும்.

பதினெட்டு வருடங்களாக இந்த மரபணு ஆய்வகத்தில் உட்கார்ந்து, எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை முகம் சுளிக்காமல் ஜெயிலுக்கு அனுப்பியவள். தன் வீட்டுப் பிள்ளை என்றதும் யாருக்கும் தெரியாமல் சோதித்துப் பார்க்கிறாள்.

எல்லாம் முந்தாநாள் ஆரம்பித்தது. மருந்துக்கடை நடத்திவந்த பெண்ணை யாரோ கடையின் பின்னறையில் வைத்துக் கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தார்கள். போராடியிருக்கிறாள். அவள் நகத்தடியில் இருந்த தோல் துணுக்கு ஆய்வகத்துக்கு வந்தது.

அது ஓர் ஆணுடையது என்று சொன்ன கம்ப்யூட்டர், கூடவே இன்னொன்றையும் சிவப்பு எழுத்தில் காட்டியது. பணியாளர் எண் ஏழின் மாதிரியோடு ஒற்றுமை இருக்கிறது.

பணியாளர் எண் ஏழு அவள்தான். வேலை செய்கிறவர்களின் எச்சிலோ முடியோ தவறிப்போய் சாட்சியத்தில் விழுந்துவிட்டால் வழக்கே கெட்டுவிடும். அதனால் அத்தனை பேருடைய மரபணுவையும் பதிந்து வைத்து, வருகிற ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம்.

"என்ன மேடம், மாஸ்க்கைக் கழட்டிட்டுத் தும்மிட்டீங்களா?" என்று மெஷின் பார்ப்பவர் சிரித்தார்.

அவளும் சிரித்து வைத்தாள். அவர் அந்தப் பக்கம் போனதும் எண்களைப் பார்த்தாள். மரபணுவில் ஒப்பிட்டுப் பார்ப்பது மொத்தம் இருபத்தொரு இடங்கள், இடத்துக்கு இரண்டு எண்கள், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. அவள் தும்மியிருந்தால் இரண்டுமே அவளுடையதாக இருக்கவேண்டும். இங்கே ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் அவளுடையது, இன்னோர் எண் வேறு யாருடையதோ. ஓரிடத்தில்கூடத் தவறவில்லை.

அவளுடைய ரத்தம்தான்.

பத்தொன்பது வயது மகன் கண்முன் வந்து நின்றான். தாத்தாவுக்கு மாத்திரை வாங்க அந்தக் கடைக்கு மாதாமாதம் போகிறவன். கொலை நடந்த அன்று நேரம்கழித்து வந்து, எங்கே போனாய் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தவன்.

யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அப்பாவிடம் மட்டும் சொன்னாள். கணவன் போன நாளிலிருந்து அவளையும் பிள்ளையையும் தாங்கி நிற்பவர் அவர்.

கேட்டதும் அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உன் எச்சில்தான் விழுந்துவிட்டது என்று எழுதி அழித்துவிடு, பையன் வாழவேண்டியவன் என்று கெஞ்சினார். அம்மா செத்தபோதுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

எழுதுவதற்குப் படிவத்தை எடுத்தும்விட்டாள். ஒரு வரி, ஒரு கையெழுத்து, விஷயம் அத்தோடு முடிந்தது. ஆனால் செத்துப்போன பெண்ணின் அம்மா ஆய்வக வாசலில் வந்து, போகிற வருகிறவர்களையெல்லாம் யாருன்னு தெரிஞ்சிதா, யாருன்னு தெரிஞ்சிதா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். பேனா நகரவில்லை. எதுவானாலும் தெரிந்தே ஆகவேண்டும் என்றுதான் இன்று காலை மகனின் பாட்டிலை யாருக்கும் தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

வட்டம் நின்றது.

அவன்தான் என்றால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்களுமே ஒத்துப்போகவேண்டும். முதல் இடம் அப்படி ஒத்துப்போகவில்லை. இரண்டாவதும் இல்லை. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள். ஐந்தாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது, எதுவும் முழுதாக ஒத்துப்போகவில்லை.

அவன் இல்லை.

மேசையில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். போன உயிர் திரும்பி வந்தது. பெற்ற பிள்ளையைப் போய்க் கொலைகாரன் என்று நினைத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. இன்றைக்கு அவன் என்ன கேட்டாலும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். பாவம், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறார். அவன் இல்லப்பா, நல்லாப் பார்த்துட்டேன், அவன் இல்லவே இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

சந்தோஷத்தில் மறுபடி அழப்போகிறார் என்று நினைத்தாள்.

"அப்போ... அதை நீ இன்னும் அழிக்கலையாம்மா?" என்றார் அப்பா.

அவள் திரையைப் பார்த்தாள்.

வருடா வருடம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பது அவள்தான். எல்லா இடத்திலும் பாதி ஒத்துப்போனால் அது பிள்ளையாக இருக்கும், இல்லையென்றால் பெற்றவராக இருக்கும், எது என்று மெஷின் சொல்லாது, இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும் என்று தொண்டை வற்றச் சொல்லுவாள். தன் முறை வந்தபோது அவள் பிள்ளையை மட்டும்தான் பார்த்தாள்.

அப்பா போனை வைக்கவில்லை. அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.