விரதக்காரி

“ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணி குடிக்கிறீங்க?”

“காத்தால எந்திரிச்சதும் அரை தம்ளர். சாயந்தரம் ஊட்டுக்குப் போயி ஒரு சொம்பு.”

“நடுவுல?”

கொளஞ்சி கையிலிருந்த சீட்டை மடித்து மடித்து விரித்தாள்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “நீர்க்கடுப்புன்னு மூணாவது தடவையா வர்றீங்க. மாத்திரை மட்டும் போதாதுக்கா. இப்படியே இருந்தா கிட்னி போயிடும்.”

பத்து நாளாக அந்தப் பேச்சுதான் கொளஞ்சியின் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றும் டீயை நீட்டினாள் பாரதி. தனக்குப் போட்ட அதே இஞ்சி டீ, தான் குடிக்கிற அதே பூப்போட்ட கோப்பை. வீட்டு வேலைக்கு வருகிறவளுக்குத் தனித் தம்ளர் வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

“வேணாம்க்கா.”

“புதன்கிழமைக்குக் கூடவாடி ஒரு சாமி வச்சிருக்கே?” பாரதி சிரித்தாள்.

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள்: “எங்க கொளஞ்சி பச்சத்தண்ணி பல்லுல படாம வேலை செய்வா. அந்தப் புண்ணியத்துல பாதி நம்ம வீட்டுக்குத்தான்.”

கொளஞ்சி இல்லையென்று மறுத்ததில்லை.

வேலைக்கு வந்த புதிதில் அவளும் அந்த டீயை வாங்கிக் குடித்தவள்தான். அப்போது இந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பின்னால் வேலிகாத்தான் மண்டிய காலி மனைகள் இருந்தன. குப்பை கொட்டுகிற சாக்கில் பதினோரு மணிக்கு ஒருதரம் அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவாள்.

பிறகு ஒவ்வொரு மனையிலும் கல் நட்டார்கள். சுவர் எழும்பியது. இப்போது அங்கே நாலு மாடி, ஐந்து மாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருடைய பால்கனி.

கீழே வாட்ச்மேனுக்கென்று கட்டியிருக்கும் கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை.

கோரிமேட்டில் காலை ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினால், ஊருக்குத் திரும்பி ஏற நாலு மணி ஆகிவிடும். இடையில் மூன்று வீட்டுப் பாத்திரம், மூன்று வீட்டுத் துணி.

பாரதி வீட்டில் மட்டும் மூன்று பாத்ரூம். இருப்பது அவளும் புருஷனும். மூன்றாவது, சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு. பொங்கலுக்கு வந்து போனதோடு சரி. ஆனாலும் வாரம் இரண்டு முறை கொளஞ்சி அதையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, பினாயில் ஊற்றி, கதவைச் சாத்திவிட்டு வருவாள். குழாயைத் திறந்துவிடும்போது அடிவயிறு சுருக்கென்று இழுக்கும்.

ஒருநாள் உள்பக்கத் தாழ்ப்பாள்வரை கை போனது. கேட்காமல் செய்தால் திருட்டு என்று பட்டது. கையை எடுத்துவிட்டாள்.

இரண்டாவது மாடியில் வேலை செய்த மாலா அதைச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டாள். மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். “கருமம், என்ன தைரியம் பாரு” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தச் செய்தியைச் சொன்னதே பாரதிதான்.

சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்றாள் கொளஞ்சி.

“அக்கா...”

“என்னடி, முகமே வாடிக் கிடக்கு? பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணுமா? எவ்ளோ வேணும், கூச்சப்படாமக் கேளு.”

பாரதி அதற்குள் பீரோ சாவியை எடுத்துவிட்டாள். ஐந்தாயிரம் கேட்டாலும் கொடுப்பாள். ஒருமுறை கொடுத்தும் இருக்கிறாள்.

கொளஞ்சி முந்தானையில் கையைத் துடைத்தாள். காய்ந்த கையை மறுபடியும் துடைத்தாள்.

“பணம் வேணாம்க்கா. யாரும் போவாத அந்த மூணாவது பாத்ரூமுக்கு, தெனம் ஒரே ஒரு வாட்டி நான் போயிக்கட்டுமா? நானே கழுவி வுட்டுடறேன்.”