ஜித்தா எவ்வளவு தூரம்

"வந்து சேர்ந்திட்டன். ஜித்தாவிலதான் நிக்கன். பயப்பிடாதீங்க" என்றாள் ஸுஹைறா.

அவள் கணவர் காலிதீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அங்க வெயில் எப்பிடிப் புள்ள?"

"கடும் வெயில். இஞ்ச வேல வீட்டுல போனை வாங்கி வெச்சிருவாங்களாம். ஒரு கிழமைக்குக் கதைக்க ஏலாது. நெஞ்சு வருத்தத்துக் குளிசைய மறக்காமப் போடுங்க." பின்னால் யாரோ ஒரு பெண் அவசரமாகக் கூப்பிட்டாள். இணைப்பு அறுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றபடி அவர் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். "நிப்லா, உம்மா போய்ச் சேர்ந்திட்டாவாம்."

தேங்காய் திருவிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "எப்பிடி வாப்பா? பிளேன் காலையிலதானே வெளிக்கிட்ட?"

கையைத் துடைத்துக்கொண்டு தன் போனில் தேடினாள். அவள் முகம் மாறியது. "கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்து ஜித்தா நாலாயிரத்தி ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல. ஆறு மணித்தியாலம் போகுமாம். இப்ப ரெண்டு மணித்தியாலம்தான் ஆகியிரிக்கு. பிளேன் இன்னும் கடலுக்கு மேலதான் நிக்கணும்."

காலிதீன் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாரடைப்பு வந்து கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பிய உடம்பு. அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஸுஹைறா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மெடிக்கலுக்கென்று மூன்று தடவை கொழும்புக்குப் போய் வந்தாள். நேற்று வழியனுப்பவும் அவரை வரவிடவில்லை. தன் தம்பி இஹ்ஸானைத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

"ரெண்டு மணித்தியாலத்துல எங்க போகலாம்?"

"இந்தியாவுக்குப் போகலாம். மாலைதீவுக்குப் போகலாம்." நிப்லா போனைக் கீழே வைத்தாள். "உம்மாவ ஏமாத்திக் கொண்டுபோயிட்டாங்களா, வாப்பா?"

வேலைக்கென்று போய், போனைப் பறிகொடுத்து, எந்த ஊர் என்றே தெரியாத வீட்டில் பூட்டப்பட்டுக் கிடந்த பெண்களின் கதைகள் எல்லாம் அந்தக் கணத்தில் அவர் நினைவுக்கு வந்தன. ஸுஹைறாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்துப் பார்த்தார். அவள் போன் அணைந்திருந்தது.

சட்டை வியர்வையில் நனைந்தது. நிப்லா ஓடிவந்து ஒரு குளிசையை அவர் நாக்குக்குக் கீழே வைத்தாள். அதோடேயே அவர் இஹ்ஸானுக்கு எடுத்தார்.

"இஹ்ஸான், உன்ட ராத்தா பிளேன் ஏறினத நீ கண்ணால கண்டியா?"

அந்தப் பக்கம் ஏதோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்கிறது விளங்குதா? அவள ஆரு கொண்டுபோன? எந்த நாட்டுக்கு?"

"மச்சான், நிப்லா பக்கத்துல நிக்காளா?"

"நிக்காள். நீ சொல்லு."

"உங்கட நெஞ்சு தாங்காதெண்டு சொல்ல வேணாமெண்டா. என்னட்டச் சத்தியம் வாங்கிற்றா." இஹ்ஸான் அழத் தொடங்கியிருந்தான்.

"எங்கடா அவள்?"

"மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரியில, மச்சான். இப்பதான் ஒபரேஷன் தியேட்டருக்குள்ள எடுத்தாங்க."