முப்பது ரூபாய்ப் பண்பாடு

"சோறு போடறோம், படகு உடறோம், வேற இன்னா வேணும்னாலும் கேளுங்க சார். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, குப்பத்துத் தலைவர் எல்லப்பன் கிழிந்த வலையைத் தைக்கப் போனார்.

தருமலிங்கம் விடவில்லை, பின்னாலேயே நடந்தார். ஈரம் சொட்டும் கோட்டும் டையுமாகப் பழவேற்காட்டு ஏரிக்கரை மணலில் நடப்பது சுலபமில்லை. ஆனாலும், சென்னை உலக மாணவர் பண்பாட்டுப் பாலம் என்ற சங்கத்தின் கௌரவச் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டா வரமுடியும்?

அவர் கையில் இருந்தது ஒரு நற்சான்றிதழ். 'எங்கள் கிராமம் இந்தப் பண்பாட்டுப் பரிமாற்றத்தால் பெரும்பயன் அடைந்தது' என்று அவரே எழுதி, அவரே டைப் அடித்தது. கரையில் பையோடு விட்டுப் போனதால் நனையாமல் பிழைத்தது. அதன் கீழே எல்லப்பன் கையெழுத்துப் போட்டால், அடுத்த மாதம் மேற்கு ஜெர்மனிக்குப் போகும் தூதுக்குழுவில் தருமலிங்கத்துக்கு இடம். மூன்று மாதம், சங்கச் செலவில். இன்று கையெழுத்து இல்லாமல் திரும்பினால் அந்த இடத்தில் பொருளாளர் போய்விடுவார். பொருளாளருக்குத் தெரிந்த பண்பாடு சபா கேன்டீனோடு சரி.

படிக்க வந்த ஆறு வெளிநாட்டு மாணவர்களுக்கு மாதம் ஒருமுறை பண்பாடு காட்ட, சங்கம் ஒதுக்கிய தொகை முப்பது ரூபாய். சென்னை சபாக்களில் அந்தப் பணத்துக்கு ஆறு பேரும் வாசலில் நின்று மிருதங்கம் கேட்கலாம். தருமலிங்கம்தான் மூளையைக் கசக்கி வழி கண்டுபிடித்தார். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ், இறங்கினால் பண்பாடு. படகு இலவசம். மடவை மீன் குழம்பும் இலவசம்.

இது மூன்றாவது முறை. முதல் முறை பத்துப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். இன்று கரை கொள்ளாத கூட்டம். தீவுகளில் இருந்த குப்பங்களிலிருந்தும் படகு படகாக வந்து இறங்கியிருந்தார்கள்.

"எல்லப்பா, இன்னிக்கு உங்க ஊருக்குப் பாடு இல்லையா?" என்று கேட்டார். ஏரியில் எந்த ஊர் எந்த நாளில் வலை போடலாம் என்று ஒரு முறை உண்டு. பாடு என்றால் அந்த முறைநாள். அதைத் தவற விட்டால் அடுத்தது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

"எங்க பாடுதான் சார்."

"பின்னே ஒருத்தரும் வலை போடப் போகலையே?"

"நீங்க வர்ற நாளாச்சே. எவன் போவான்?"

தருமலிங்கம் கரையில் நின்ற கூட்டத்தைப் பெருமையோடு பார்த்தார். வயிற்றைவிடப் பண்பாட்டைப் பெரிதாக நினைக்கும் ஜனங்கள்.

காலையிலும் அப்படித்தான். தமிழரின் கடல் வீரம் பற்றி மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்குவதற்காக அவர் ஓடும் படகில் எழுந்து நின்றார். படகுக்காரர்கள் ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை, அவ்வளவு மரியாதை. பல்லவர் தாண்டிச் சோழருக்கு வருவதற்குள் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. செயலாளர் தலைகுப்புற ஏரிக்குள் போனார். இடுப்பளவுத் தண்ணீர்தான். கரையில் எழுந்த பெரும் கூச்சலை அவர் அனுதாபம் என்றே எடுத்துக்கொண்டார்.

"கையெழுத்துக்கு ஏதாவது பணம் எதிர்பாக்கறியா?"

"துட்டா? உங்ககிட்டயா?" எல்லப்பன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாவம் சார் நீங்க."

மாணவர்களுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த தெய்வநாயகி கரண்டியோடு வந்தாள். "போட்டுடாதண்ணா. போட்டா சாரு சீமைக்குப் பூடுவாராம். மூணு மாசம் வரமாட்டாராம்."

"அதான் நானும் ரோசிக்கிறேன்."

விஷயம் இதுதானா? தருமலிங்கம் நெகிழ்ந்துபோனார். எல்லப்பனின் தோளில் கை வைத்தார்.

"என்மேல இவ்வளவு பிரியமா? கவலைப்படாதே. நான் இல்லேன்னா வேற ஒருத்தர் கூட்டிட்டு வருவார். இதே பசங்கதான் வருவாங்க. வெள்ளைக்காரங்களைப் பாக்கற சந்தோஷம் உங்க ஜனங்களுக்குக் குறையாது."

எல்லப்பனும் தெய்வநாயகியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெள்ளக்காரனா? டச்சுக்காரன் கல்லறையப் பாக்க வாராவாரம் எவனாச்சும் வந்துனேகிறான். அவன எங்க ஊரு நாய்கூட திரும்பிப் பாக்காது சார்."

"அப்புறம் இவ்வளவு கூட்டம்?"

"சொல்லிடுண்ணா," என்றாள் தெய்வநாயகி. "மனுசன் எம்மா நேரம் கெஞ்சுவாரு."

எல்லப்பன் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். தலைக்கு நாலணா டிக்கெட்டு. அந்தத் துட்டுலதான் உங்க புள்ளைங்களுக்கு சோறும் கொழம்பும். அல்லாரும் உங்களத்தான் பாக்க வந்துகிறாங்க. ஒவ்வொரு தபாவும் நீங்க பேசுறதும் உழுவுறதும், அப்டியே எழுந்து மறுபடியும் பேசுறதும்... டூரிங் கொட்டாய்ல இந்தச் சிரிப்பு கெடையாது."

எல்லப்பனின் தோளில் இருந்த தருமலிங்கத்தின் கை மெதுவாக இறங்கியது.

"சரி, நல்லதுக்குப் போற மனுசனத் தடுக்கக் கூடாது," என்றார் எல்லப்பன். "தீவுக்காரங்க ரெண்டு படகு லேட்டு சார், காலைல நீங்க உழுந்தத பாக்கல. துட்டத் திருப்பிக் குடுன்னு நிக்கிறாங்க. அவுங்களுக்கோசரம் இன்னொரு தபா உழுந்தீங்கன்னா, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

தருமலிங்கம் கூட்டத்தைப் பார்த்தார். கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தெய்வநாயகியிடம் கொடுத்துவிட்டு, "எந்தப் பக்கமா விழுந்தா அவங்களுக்கு நல்லாத் தெரியும்?" என்று கேட்டார்.