ஊற்றப் போன சாம்பார்

டிபன் கடையின் பார்சல் மேசையில் வாழை இலை சிரித்தது. "இட்லிக்கு என் வாசனையைக் கொடுப்பேன். தின்னு முடிச்சதும் ஆட்டுக்கு என்னையே கொடுப்பேன்!"

"நானும் வள்ளல்தான்," என்றது பிளாஸ்டிக் பை. "சூடா எதை ஊத்தினாலும், அதுக்குள்ள என்னைக் கொஞ்சம் கரைச்சுக் கொடுத்துடுவேன்."

அடுப்பில் கொதித்த சாம்பாருக்குப் பகீரென்றது. "உன்னை யாருய்யா கேட்டா?"

அதற்குள் கடைக்காரர் பையை ஊதிப் பிரித்து, கரண்டி நிறைய சாம்பாரை அள்ளிவிட்டார்.

"இருங்கண்ணே! எவர்சில்வர் தூக்குவாளி கொண்டாந்திருக்கேன்," என்று ஓடிவந்தாள் செண்பகவல்லி.

சாம்பார் கரண்டியிலிருந்தே எட்டிப் பார்த்தது. "வாளி, நீ எனக்கு என்ன கொடுப்பே?"

"நானா? நான் மகா கஞ்சன். யாருக்கும் ஒண்ணுமே கொடுக்க மாட்டேன்."

"நீதான்டா என் ஆளு!" என்று தொபுக்கென்று குதித்தது சாம்பார்.