பூட்டிய கடைக்கு ஒரு வரிசை

மண்ணெண்ணெய்க்கு ஊரே அலைந்த தொண்ணூற்றொன்றில் ஒரு காலை. யாழ்ப்பாணம் நல்லூரில் பூட்டிக் கிடந்த கூட்டுறவுச் சங்கக்கடை முன்னால் தியாகராசா வெறும் எண்ணெய்க் கானோடு நின்றான்.

"என்ன தம்பி குடுக்கினம்?" என்று சைக்கிளை நிறுத்தினாள் பாலேஸ்வரி.

"எனக்குத் தெரியாது, அக்கா."

"தெரியாமலோ கானோடை நிக்கிறீர்? மண்ணெண்ணைதான்." அவளும் பின்னால் நின்றுகொண்டாள்.

அடுத்து வந்தவர் சீனியும் உண்டு என்றார். அதற்கடுத்தவர் குளிக்கிற சவர்க்காரத்தின் நிறத்தையே சொன்னார். கொஞ்ச நேரத்தில் வரிசை சந்தி திரும்பிவிட்டது. கல் வைத்து இடம்பிடித்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனவர்களும் உண்டு.

தியாகராசாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பிக் கும்பிட்டான்.

"குறை நினையாதேங்கோ. நான் யூனிவர்சிற்றிக் கம்பசிலை உளவியல் படிப்பிக்கிறன். ஒருத்தன் சும்மா நிண்டாச் சனம் சேருமோ எண்டு பாக்கிற ஆராய்ச்சி இது. சேர்ந்தாத்தான் நிதி தருவன் எண்டு பேராசிரியர் சொன்னவர். அந்தா, எதிர்த் தேத்தண்ணிக் கடையிலை இருந்து பாக்கிறார். இஞ்சை ஒண்டும் குடுக்கேல்லை."

"எங்களைக் கலைச்சுப்போட்டு எல்லாத்தையும் நீர் கொண்டுபோகவோ?" என்றாள் பாலேஸ்வரி. ஒருவரும் அசையவில்லை.

சாட்சிக்குப் பேராசிரியரைக் கூப்பிடப் போனான். அவன் நகர்ந்ததும் பாலேஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள்.

தேத்தண்ணிக் கடையில் அவர் உட்கார்ந்திருந்த கதிரை வெறுமையாக இருந்தது. வரிசையின் கடைசியில், இரவல் வாளியோடு பேராசிரியர் நின்றார்.

"சேர், உங்களுக்கு விசயம் தெரியும்தானே?"

"ஓம், தெரியும். உமக்கு நிதி கட்டாயம் தாறன்," என்றார் அவர் மெதுவாக. "ஆனா, இவ்வளவு சனமும் சும்மா நிக்குமோ?"